அம்மாவின் வயதைத் தாண்டும் நாள்

கேள்வி: நான் பள்ளியில் கணித ஆசிரியை. வயது 46 முடிந்து பதினொரு மாதம் ஆகிறது. என் அம்மா மாரடைப்பால் இறந்தபோது அவருக்கு 47 வயது, நான்கு மாதம். எனக்கு அப்போது பதினாறு. அம்மாவைவிட நான் ஒருநாள் மூத்தவளாகப் போகும் தேதியைப் போன வருடம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது. விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சு அடித்துக்கொள்ள, வியர்த்து எழுந்து உட்கார்கிறேன். இரண்டு முறை ஈசிஜி எடுத்தாயிற்று, நார்மல். சாவதற்குள் செய்ய வேண்டியவை என்று முப்பது விஷயங்களைப் பட்டியல் போட்டேன். இரண்டைச் செய்வதற்குள்ளேயே களைத்துப் போனேன். அம்மாவின் வீட்டுக் கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது. அதன் கடைசி வரி, ‘பாப்பாவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும்.’ அதற்குப் பிறகு வெறும் பக்கங்கள். ஒரு மனுஷியின் வாழ்க்கை இவ்வளவுதானா? எல்லாமே பாதியில் நிற்கப் போகிறது என்றால் எதற்கு இந்தப் பாடு? பதினைந்து வயது மகளிடம் நான் எதையும் காட்டிக்கொள்வதில்லை. இந்தப் பயம் போகுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் உடம்பைப் பற்றிய கேள்வியும் தத்துவக் கேள்வியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. நான் மனநல மருத்துவன். முதலில் உடம்பைப் பார்த்துவிடுகிறேன். தத்துவம் இரண்டாயிரம் வருடத்துக்கும் மேலாகக் காத்திருக்கிறது, இன்னும் பத்து நிமிடம் காத்திருக்கட்டும்.

ஈசிஜி நார்மல் என்பது நல்ல செய்திதான். ஆனால் அது எடுத்த அந்தச் சில நொடிகளில் இதயம் எப்படி இயங்கியது என்பதைத்தான் அது சொல்லும். அம்மாவோ உடன்பிறந்த சகோதரியோ 65 வயதுக்கு முன்பு, அல்லது அப்பாவோ சகோதரனோ 55 வயதுக்கு முன்பு இதயநோய்க்கு ஆளாகியிருந்தால், மருத்துவர்கள் அதைக் குடும்ப வரலாறாகக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் அம்மாவுக்கு 47. இதை மருத்துவரிடம் சொன்னீர்களா, இல்லை ‘படபடப்பாக இருக்கிறது’ என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தீர்களா? சொல்லவில்லை என்றால் மறுபடி போங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அம்மாவின் மரணம் உங்களுக்கு எழுதிவைத்த தலையெழுத்து ஆகிவிடாது. ஆனால் அது ஒரு தகவல். தகவலைப் பயமாக மாற்றி நடுராத்திரியில் சுமப்பதைவிட, பகலில் மருத்துவர் மேஜையில் வைத்துவிடுவது நல்லது.

இன்னொன்று. பெரும்பாலான பெண்களுக்கு மாதவிலக்கு 45க்கும் 55க்கும் இடையில் நிற்கிறது. அதற்கு முந்தைய சில வருடங்களில் ஹார்மோன் ஏறி இறங்குவதால் இரவில் வியர்த்து விழிப்பதும் படபடப்பும் சகஜம். தைராய்டு கூடுதலாகச் சுரந்தாலும் இப்படி வரும். மகளிர் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ‘என் மரண பயத்தில் கால்வாசி ஹார்மோனா?’ என்று சிலருக்கு இதைக் கேட்டதும் லேசாக ஏமாற்றம்கூட வரும். இருந்தால் என்ன, கால்வாசி குறைந்தால் லாபம்தானே.

மூன்று மணிக்கு வருவோம். தூக்கம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக நடக்கிறது. பின்னிரவில் அது மெலிந்து, கனவு கூடுகிறது. எல்லாருமே இடையிடையே விழிக்கிறோம், காலையில் அது நினைவில் இருப்பதில்லை. நீங்கள் விழித்ததும் கை நேராக நாடிக்குப் போகிறது என்று ஊகிக்கிறேன். துடிப்பைக் கவனித்தால் பயம், பயந்தால் அட்ரினலின், அட்ரினலின் வந்தால் துடிப்பு இன்னும் வேகம். பேனிக் அட்டாக் என்பது இந்தச் சுழல்தான். சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், எதுவும் செய்யாவிட்டாலும் தானாக இறங்கிவிடும். நாடி பார்ப்பதை நிறுத்துங்கள். தூக்கம் திரும்பாவிட்டால் கட்டிலில் புரளாமல் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் சலிப்பான வேலை ஏதாவது செய்யுங்கள். விடைத்தாள் திருத்துவது மட்டும் வேண்டாம், அது வேறு விதமாகப் படபடப்பைக் கூட்டும். ஒரு எச்சரிக்கை: நெஞ்சை அழுத்துவது போன்ற வலி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மூச்சுத் திணறல் என்று எது வந்தாலும், பேனிக் என்று நீங்களே முடிவு செய்யாமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

நேரில் வந்திருந்தால் ஒன்று கேட்டிருப்பேன், இங்கேயும் கேட்டுவிடுகிறேன். ‘எதற்கு இந்தப் பாடு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது அலுப்பா, இல்லை வாழ்க்கையை முடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணமா? மரணத்துக்குப் பயப்படுகிறவருக்கு அந்த எண்ணம் எப்படி வரும் என்று தோன்றலாம். வரும், பார்த்திருக்கிறேன். லேசாக வந்திருந்தாலும், இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்காமல் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, அருகிலுள்ள மனநல மருத்துவரைப் பாருங்கள். அலுப்புத்தான் என்றால் மேலே படியுங்கள்.

சரி, அந்தத் தேதி. இப்படிக் கணக்குப் போட்டு வைத்திருப்பவர் நீங்கள் மட்டும்தான் என்று நினைக்கிறீர்கள். இளம் வயதில் தாயையோ தந்தையையோ இழந்த பலர் என்னிடம் இதைச் சொல்லியிருக்கிறார்கள், பெரும்பாலும் கிளம்பும்போது, கதவருகே நின்று, கொஞ்சம் கூச்சத்துடன். அந்த வயதுவரைக்கும்தான் தனக்கும் பாதை போட்டிருக்கிறது என்று உள்ளே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். அதில் பயத்தோடு இன்னொன்றும் இருக்கிறது. 47 வயதுவரை ஒரு பெண் எப்படி இருப்பாள் என்பதை நீங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறீர்கள். ஐம்பதில் அம்மா எப்படி இருந்திருப்பார், அறுபதில் எதற்கெல்லாம் சிடுசிடுத்திருப்பார், முழங்கால் வலியோடு எப்படி மாடியேறியிருப்பார் என்பதைப் பார்த்ததே இல்லை. எல்லாரும் தங்கள் முதுமையை ஓரளவு பெற்றோரைப் பார்த்துத்தான் கற்பனை செய்கிறார்கள். உங்களுக்கு அந்தப் படம் இல்லை. படம் இல்லாத இடத்தில் மனம் சுவரை எழுப்பிவிடுகிறது. அந்தத் தேதிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை என்பதை, அப்பால் எதுவுமே இல்லை என்று எடுத்துக்கொள்கிறது. கணித ஆசிரியைக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு கசப்பும் இதில் கலந்திருக்கலாம். அம்மாவை வயதில் முந்துவது ஏதோ துரோகம் போலச் சிலருக்குப் படுகிறது. உங்களுக்கு அப்படி இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

இனி தத்துவம். மரண பயத்துக்கு மனிதர்கள் சொன்ன பதில்களில் மிகச் சுருக்கமானது கிரேக்கர் எபிகூரஸுடையது. கிமு 341இல் பிறந்தவர். நாம் இருக்கும்வரை மரணம் இல்லை, மரணம் வந்ததும் நாம் இல்லை, சந்திக்கவே போகாத ஒன்றுக்கு ஏன் பயம் என்றார். அவர் வழிவந்த ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸ் இன்னொரு கோணத்தில் கேட்டார்: பிறப்பதற்கு முன்பும் எல்லையில்லாத காலம் நாம் இல்லாமல்தான் கழிந்தது, அதை நினைத்து யார் அழுகிறோம்?

தர்க்கம் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் மூன்று மணிக்கு இது யாரையும் தூங்கவைத்து நான் பார்த்ததில்லை. அமெரிக்கத் தத்துவ அறிஞர் தாமஸ் நேகல் 1970இல் எழுதிய கட்டுரை இதற்கு நேர்மையான மறுப்பு. செத்த நிலை வலிக்கும் என்பதால் மரணத்தைத் தீமை என்று நாம் சொல்வதில்லை, இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய நல்லதையெல்லாம் அது பறித்துக்கொள்கிறது என்பதால் சொல்கிறோம் என்றார் அவர். உங்கள் அம்மா நீங்கள் ஆசிரியை ஆனதைப் பார்க்கவில்லை, பேத்தியைத் தூக்கவில்லை. இதை இழப்பு இல்லை என்று எந்தத் தர்க்கமும் ஆக்கிவிட முடியாது. ஆகவே உங்கள் பயம் அசட்டுப் பயம் ஒன்றும் இல்லை. மரணத்துக்குப் பிறகு என்ன என்பதில் உங்கள் நம்பிக்கை எதுவாக இருந்தாலும் அதில் நான் கை வைக்கப் போவதில்லை. உங்கள் கடிதமும் அதைக் கேட்கவில்லை. அது கேட்பது பாதியில் நிற்பதைப் பற்றி.

பாதியில் நின்றுவிடக் கூடாது என்றுதான் அந்த முப்பது விஷயப் பட்டியலைப் போட்டீர்கள். எனக்கு அந்த மாதிரிப் பட்டியல்கள் மேல் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஆசைப்படுவது தப்பில்லை. மலையேற ஆசையாக இருந்தால் ஏறுங்கள், நல்ல காற்று. ஆனால் அதை முடித்துவிட்டால் வாழ்க்கை முழுமையாகிவிடும் என்று எதிர்பார்த்தால் அது ஏமாற்றிவிடும். டால்ஸ்டாய் உலகமே கொண்டாடும் இரண்டு பெரிய நாவல்களை எழுதி முடித்துவிட்டு, ஐம்பது வயதை ஒட்டி உங்கள் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டார். ஆறாயிரம் தெஸ்யாத்தின் நிலமும் முந்நூறு குதிரைகளும் இருக்கின்றன, சரி, அப்புறம்? ஷேக்ஸ்பியரைவிடப் பெரிய புகழ் கிடைக்கிறது, சரி, அதனால் என்ன? இப்படி அவர் தன்னையே கேட்டுக்கொண்டதை அவரே எழுதியிருக்கிறார். ஒரு தெஸ்யாத்தின் என்பது ஏறக்குறைய 2.7 ஏக்கர், அப்படியானால் மொத்தம் எவ்வளவு என்று பெருக்கிப் பாருங்கள். அத்தனை நிலமும் அந்தக் கேள்வியை அடைக்கப் போதவில்லை.

இதைவிட எனக்கு உதவிய விஷயம் ஒன்று உளவியலில் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரா கார்ஸ்டென்சன், மீதமுள்ள காலம் குறைவு என்று உணரும்போது மனிதர்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பல வருடங்களாக ஆராய்ந்தவர். காலம் நீண்டு கிடக்கிறது என்று நினைப்பவர்கள் புதிய அனுபவம், புதிய அறிமுகம், புதிய தகவல் என்று போகிறார்கள். குறைவு என்று உணர்பவர்கள் மனதுக்கு நெருக்கமான சிலர் பக்கம் திரும்புகிறார்கள். முதியவர்களிடம் மட்டுமின்றி, தீவிர நோய்க்கு ஆளான இளைஞர்களிடமும் இந்தச் சாய்வு தெரிந்தது. உங்களிடம் நடந்தது நேர்மாறு. காலம் குறைவு என்று பயந்துகொண்டே, காலம் நிறைய இருப்பவர் போடும் பட்டியலைப் போட்டுவிட்டீர்கள். களைப்பு வராமல் என்ன செய்யும்?

இப்போது அம்மாவின் நோட்டு.

எபிகூரஸின் வாதத்தை மேலே சொன்னேன். அவர் இறந்த விதத்தைச் சொல்லவில்லை. கிமு 270இல், எழுபத்திரண்டாம் வயதில், சிறுநீர்ப் பாதையில் கல் அடைத்து இரண்டு வாரம் வேதனைப்பட்டு இறந்தார். கடைசி நாளில் நண்பர் ஒருவருக்கு அவர் எழுதிய சின்னக் கடிதத்தை, கிரேக்கத் தத்துவ அறிஞர்களின் வாழ்க்கைகளைத் தொகுத்து எழுதிய டயோஜனிஸ் லயர்டியஸ் பாதுகாத்துத் தந்திருக்கிறார். வலி இதற்கு மேல் கூட முடியாத அளவு இருக்கிறது, ஆனாலும் நாம் பேசிக் களித்த பேச்சுகளின் நினைவு தரும் மகிழ்ச்சி அதற்கு எதிராக நிற்கிறது என்கிறார். அதன்பின் ஒரு வேண்டுகோள்: மெட்ரோடோரஸின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். மெட்ரோடோரஸ் அவருடைய நெருங்கிய நண்பர், சில வருடங்களுக்கு முன்பே இறந்துபோனவர்.

மரணம் நமக்கு ஒரு பொருட்டே இல்லை என்று வாழ்நாளெல்லாம் கற்பித்தவர், சாகும் நாளில் அந்த வாதத்தைத் திரும்பச் சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டதாக அந்தக் கடிதத்தில் இல்லை. தன் காலத்துக்குப் பிறகு வளரப் போகும் யாரோ இரண்டு பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்பட்டார். அவருடைய தத்துவப்படியே பார்த்தால், அவர்கள் வளர்வதைத் தெரிந்துகொள்ள அவர் இருக்கப் போவதில்லை. அப்படியும் கவலைப்பட்டார்.

‘பாப்பாவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும்.’

நீங்கள் இந்த வரியைப் படித்துவிட்டு, வாழ்க்கை இவ்வளவுதானா என்று கேட்டீர்கள். அம்மாவுக்கு அது கடைசி வரி என்று தெரியாது. எபிகூரஸுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு பேரின் கையும் போன இடத்தைப் பாருங்கள். உங்கள் அம்மா அன்றைக்குக் கரும்பலகையை உங்கள் கண்கள் எட்டவில்லை என்பதைக் கவனித்திருக்கிறார். நீங்கள் சொன்னீர்களோ, புத்தகத்தை முகத்துக்கு நெருக்கமாகப் பிடிப்பதை அவரே பார்த்தாரோ தெரியாது. எப்படியோ அவர் கவனத்தில் கடைசியாக நின்றது உங்கள் பார்வை. நீங்கள் அதை அற்பம் என்கிறீர்கள், ஏனென்றால் வாழ்க்கைக்குக் கடைசி வரி ஒன்று இருந்தால் அது கனமாக இருக்க வேண்டும் என்று எங்கோ கற்றுக்கொண்டுவிட்டோம்.

சங்கப் புலவர் ஒருவரை எல்லாருமே ‘கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி’ என்றுதான் சொல்கிறோம். எப்படிச் செத்தார் என்பதே பெயராக ஒட்டிக்கொண்டுவிட்டது. பாண்டிய இளவரசர் என்பார்கள். எத்தனை வேலைகளை அவர் கரையில் பாதியில் விட்டுவிட்டுப் போனாரோ! புறநானூற்றில் உள்ள அவர் பாட்டு ஒன்று, இந்த உலகம் எதனால் இன்னும் இருக்கிறது என்று கேட்டு, தமக்கென்று இல்லாமல் பிறருக்காகப் பாடுபடுகிறவர்கள் இருப்பதால்தான் என்று சொல்கிறது. நீங்கள் கேட்டதும் அதைப் பற்றித்தான்: எதற்கு இந்தப் பாடு?

பாதியில் நிற்பது பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். நீங்கள் எந்த மாதம் வேலையிலிருந்து விலகினாலும் ஏதோ ஒரு வகுப்பு இயற்கணிதத்தில் பாதியில் நிற்கும், ஏதோ ஒரு மாணவன் பின்னத்தைப் புரிந்துகொள்ளும் தறுவாயில் இருப்பான். எல்லாக் கணக்கையும் முடித்துவிட்டு எழுந்திருக்க வேண்டுமானால், யாருடைய கண்ணும் மங்கலாகத் தெரிகிறதா என்று கவனிக்காமல் இருந்திருக்க வேண்டும். அந்த நோட்டு அப்படி முடிந்திருந்தால், கடைசி வரிக்குக் கீழே கூட்டல் போட்டு இரட்டைக் கோடு இழுத்து முடிந்திருந்தால், அதை முப்பது வருடம் வைத்திருந்திருப்பீர்களா?

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், கொஞ்சம்தான். பரிசோதனைகளை முடியுங்கள். சொத்து, காப்பீடு, நாமினி போன்ற காகித வேலைகளில் விட்டுப்போனதைச் சரிசெய்யுங்கள். மரண பயத்தை நேராகப் பார்க்க இவ்வளவு சாதாரணமான வழி வேறு இல்லை. தள்ளிப்போடத் தள்ளிப்போட அது வளரும், கையெழுத்துப் போட்டதும் ஆச்சரியமான அளவுக்குச் சுருங்கும். முப்பது விஷயப் பட்டியலில் வேறு ஒருவரின் பெயர் வரும் வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிடப்பில் போடுங்கள். இரண்டு மாதத்தில் தூக்கம் சீராகாவிட்டால் மனநல ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள். மரண பயத்துக்குப் பேச்சுச் சிகிச்சை நன்றாகவே பலன் தருகிறது. நீங்கள் கேட்ட கேள்விக்கு என் அனுபவத்தில் உள்ள பதில்: பயம் முழுக்கப் போகாது, ஆனால் இரவு மூன்று மணிக்கு எழுப்பாது. வயதானவர்களுக்கு மரண பயம் அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவாக நடுவயதில் இருப்பவர்களைவிட அவர்களுக்கு அது குறைவாகவே இருக்கிறது.

மகள் விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. காட்டிக்கொள்வதில்லை என்கிறீர்கள். இரவு மூன்று மணிக்கு விளக்கு எரிவதைப் பதினைந்து வயதுப் பெண் கவனிக்கமாட்டாள் என்று நிஜமாகவே நம்புகிறீர்களா? அவள் கவனித்திருப்பாள், கேட்கப் பயந்திருப்பாள். அம்மாவுக்குப் பெரிய வியாதி என்று தானே ஏதோ கற்பனை செய்துகொண்டும் இருக்கலாம். அவளை உட்காரவைத்து நோட்டைக் காட்டுங்கள். பாட்டியின் கையெழுத்து, நடுவில் திருத்திய கூட்டல்கள், கரண்ட் பில் கட்டிய தேதி, எல்லாவற்றையும். அந்தத் தேதி வருகிறது, எனக்குப் பயமாக இருக்கிறது, மருத்துவரைப் பார்த்துவிட்டேன் என்று மூன்று வாக்கியம் சொன்னால் போதும். அந்த நாளில் வேலைக்குப் போவதா, விடுப்பு எடுப்பதா என்பதை இரண்டு பேருமாக முடிவு செய்யுங்கள்.

அவள் அநேகமாக உங்களிடம் ஒன்று கேட்பாள். உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கும் அதுதான் மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பாவா, சித்தியா, பக்கத்து வீட்டுக்காரரா, இல்லை பதினாறு வயதில் நீங்களே தனியாகப் போனீர்களா? அந்தக் கண்ணாடியை அப்புறம் யார் மாற்றித் தந்தார்கள்?